கொலு பொம்மையின் தொந்தி வெடிக்கிறது, வழி சொல்லுங்கள்

வீட்டில் பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் காகிதக்கூழில் செட்டியார் பொம்மை செய்கிறார்கள். கால் கிலோ செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, 50 கிராம் வெந்தயத்தோடு அரைத்து, ஒரு கைப்பிடி மைதாவில் பசை காய்ச்சிச் சேர்த்தாயிற்று.

பேத்தி உருட்டிய மெல்லிய கைகால்கள் நன்றாகக் காய்ந்துவிட்டன. தொந்திதான் இரண்டு அங்குலக் கனம். வெயிலில் வைத்ததில் மேல்புறம் சீக்கிரம் இறுகி, உள்ளே ஈரம் நின்று, தொப்புளுக்குக் குறுக்கே நகம் நுழையுமளவு பிளந்துவிட்டது. அடுத்ததற்கு நடுவில் கசக்கிய காகிதப் பந்தை வைத்து, மேலே அரை அங்குலம் மட்டும் பூசி, நிழலில் உலர்த்தப்போகிறோம்.

செய்து பழகிய அக்காமார்கள் சொல்லுங்கள்: இந்த அளவு கூழுக்குச் சாக் பவுடர் எவ்வளவு? பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் வேண்டாம், அது விஷம், குழந்தை கை வைக்கிறாள். வேப்பிலை அரைத்துச் சேர்த்தால் பெயின்ட் நிறம் மங்குமா?