பழைய சிடி ப்ளேயர் வாங்குபவன் ஏமாளியா?

காதுள்ளவன்: "செகண்ட் ஹேண்ட் சிடி ப்ளேயர் வாங்குபவன் ஏமாளி, லேசர் எப்போது வேண்டுமானாலும் போகும்" என்று நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். என்னுடையது 1989 மாடல். இன்றுவரை ஒரு பாட்டில்கூடத் திக்கியதில்லை. ஏமாளியின் வணக்கம்.

வெள்ளித்தட்டு: எழுதியது நான்தான். ஒரே கேள்வி. அந்த லேசர் போனால் அசல் உதிரி கிடைக்குமா?

சுழலி: முதலில் பழையது என்றால் எது? 1982ல் வந்த சோனி சிடிபி-101ம் பழையது, போன வருடம் வாங்கியதும் பழையதுதான்.

வெள்ளித்தட்டு: அதெல்லாம் அப்புறம். லேசர் கிடைக்குமா?

காதுள்ளவன்: எதற்கெடுத்தாலும் லேசரா? ட்ரே வெளியே வரவில்லையென்றால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பாட்டு குதித்தால் லென்ஸில் தூசி, இல்லாவிட்டால் லேசர் நகரும் தண்டில் கிரீஸ் இறுகியிருக்கும். துடைத்துவிட்டுப் பாருங்கள்.

வெள்ளித்தட்டு: உங்களுடையதில் சிடியைப் படிக்கும் மெக்கானிசம் பிலிப்ஸ் சிடிஎம்-4 தானே? அதில் லேசர் ஊசலாடும் கையில் இருக்கிறது. தண்டு ஏது, கிரீஸ் ஏது? சொந்த ப்ளேயரைத் திறந்தே பார்க்காதவர் எங்களுக்கு வகுப்பெடுக்கிறார். அந்த மெக்கானிசம் உற்பத்தி நின்று எத்தனையோ காலமாகிறது. உதிரி?

காதுள்ளவன்: பொதுவாகச் சொன்னேன் ஐயா. ஓடுகிற பெட்டியை எதற்குத் திறக்க வேண்டும்? உள்ளே டிடிஏ1541 டாக், அதாவது டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் சிப்; கூடவே உலோக அடிச்சட்டம். புதிய ப்ளேயரைத் தூக்கினால் காலி டப்பா மாதிரி இருக்கிறது.

இரைச்சல்: எடையை வைத்து இசை கேட்பவர்கள் அம்மிக்கல் வாங்கலாம். அதில் லேசரும் போகாது.

காதுள்ளவன்: எல்லா கேபிளும் ஒன்றுதான் என்று போன மாதம் சாதித்தவர் நீங்கள்தானே?

இரைச்சல்: இப்போதும் அதேதான் சொல்கிறேன். கண்ணைக் கட்டிக் கேட்கச் சொன்னதும் காணாமல் போனவர் நீங்கள்.

சுழலி: கேபிளை விடுங்கள். என்னிடம் வீட்டில் எழுதிய சிடி-ஆர் நிறைய இருக்கிறது. ஆரம்பகால ப்ளேயர்கள் சில அவற்றைப் படிக்கத் திணறும். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவில் இன்னும் மோசம், ஒளி வெகு குறைவாகத்தான் திரும்பும். எனக்குப் புதியதுதான் சரி. டாக் பிடிக்கவில்லையென்றால் கோஆக்சியல் டிஜிட்டல் கேபிளில் வெளி டாக்குக்கு விட்டுக்கொள்வேன்.

காதுள்ளவன்: டாக்கை வெளியே வைத்துவிட்டு ப்ளேயர் எதற்கு?

வெள்ளித்தட்டு: சிடியைப் படிக்க. எதை வைத்துப் படிக்கும்? லேசரை வைத்து! அதைத்தான் காலையிலிருந்து கேட்கிறேன். லேசர் ஒளி தரும் டயோடு மங்கினால் போர்டில் சின்னத் திருகைத் திருப்பி ஒளியைக் கூட்டி, "நல்ல கண்டிஷன்" என்று விற்பார்கள். சில மாதம் ஓடும், அப்புறம் மூச்சு நின்றுவிடும். எனக்கே ஒருவர் அப்படித் தள்ளிவிட்டார். சோனி கேஎஸ்எஸ்-213 மாதிரி பிரபலமான லேசருக்கும் நகல்கள்தான் மலிந்து கிடக்கின்றன.

காதுள்ளவன்: உங்களை ஒருவர் ஏமாற்றினார், அதனால் நாங்கள் ஏமாளிகள். பிரமாதம்! புதியதில் லேசர் தேயாதா?

வெள்ளித்தட்டு: தேயும். வாரண்டி இருக்கிறது. உங்களுக்கு?

காதுள்ளவன்: அதே மாடலில் இன்னொன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

வெள்ளித்தட்டு: ஆக, ஒன்று ஓடுவதற்கு இரண்டு வாங்கியிருக்கிறீர்கள். நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

காதுள்ளவன்: இரண்டுமே ஓடுகின்றன.

இரைச்சல்: இரண்டும் சேர்த்து எத்தனை கிலோ?