புதுப்பிப்பு: மொசாம்பிக் அமைதியும் ரோம் நகரத்து மடமும்

மொசாம்பிக் உள்நாட்டுப் போரை இறைவேண்டலே முடித்தது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அது மிகை என்று சுட்டிக்காட்டியவர்கள் சொன்னது சரி. 1990 ஜூலையில் சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகத்தினர் ரோமிலுள்ள தங்கள் பழைய கன்னியர் மடத்தில் ஃப்ரெலிமோ அரசையும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களையும் எதிரெதிரே அமரவைத்தபோது, பனிப்போர் ஓய்ந்து இரு தரப்பும் களைத்திருந்தன. நடுவர்களுள் இத்தாலிய அரசின் பிரதிநிதியும் இருந்தார். ஆயினும், படையோ பணமோ இல்லாத அச்சமூகத்தாரையும் அவர்களோடு நடுவராயிருந்த மொசாம்பிக்கின் பெய்ரா நகரப் பேராயரையும் இரு தரப்பும் நம்பியதற்கு அவர்களுடைய தன்னலமற்ற அக்கறையே காரணம் என்ற என் கருத்து மாறவில்லை. ஒப்பந்தம் 1992 அக்டோபர் 4 அன்று, தற்செயலோ என்னவோ, அமைதியின் புனிதராகப் போற்றப்படும் அசிசி பிரான்சிஸின் திருநாளில் கையெழுத்தானது.

முன்பு விட்டுப்போன ஒன்று: ஊர் திரும்பிய போராளிகளை நாட்டு வைத்தியர்கள் சடங்குகளால் தூய்மைப்படுத்திக் குடும்பத்தோடு சேர்த்தார்கள். ரோமில் நடந்ததைவிட இதுவே எனக்கு ஆழமானதாகத் தோன்றுகிறது.