பிளே ஸ்கூலில் சாம்பார் சாதம் போட்டால் அதற்கும் பதிவா?

மல்லிகைத்தோட்டம்:
திருப்பூர் பக்கம் சின்னதாக ஒரு பிளே ஸ்கூல் நடத்துகிறேன். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மதியம் பருப்பு சாதமோ சாம்பார் சாதமோ நாங்களே ஆக்கிப் போடுகிறோம். இதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுக்கச் சொல்கிறார்கள். நான் என்ன ஹோட்டலா நடத்துகிறேன்? சோற்றுக்கென்று தனியாக ஒரு ரூபாய் வாங்குவதில்லை. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றிதழ்களுக்கு அலைந்தது போதாதா? இதையும் கேட்டால், "டிபன் பாக்ஸில் கொடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்துவிடுவேன்.

கறுப்புக்கோட்டு:
மேடம், காசு வாங்குகிறீர்களா என்று சட்டம் பார்ப்பதே இல்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, லாபத்துக்கோ லாபமில்லாமலோ, அரசோ தனியாரோ, உணவு தயாரித்து வழங்கினால் அது உணவு வணிகம்தான். அன்னதானம் போடும் கோயில்களிடமே பதிவு கேட்கிறார்கள். பள்ளிகளுக்கென்று 2020-இல் தனி விதிமுறையும் வந்துவிட்டது. நிர்வாகமே சமைத்தால் நிர்வாகம் பதிவோ உரிமமோ எடுக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கினால் கொடுப்பவரிடம் அது இருக்க வேண்டும். பதிவு, உரிமம் பற்றிய 2011 விதிமுறையை வகுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு வெறும் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். இதற்கா இவ்வளவு கோபம்?

மல்லிகைத்தோட்டம்:
நூறு ரூபாய் யாருக்குப் பிரச்சினை சார்? அந்த நூறைக் கட்டித் தர புரோக்கர் ஆயிரக்கணக்கில் கேட்கிறாரே, அதுதான் பிரச்சினை. 2013 ஜூலையில் பீகாரில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அது அரசுப் பள்ளி. சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. சுவரில் பதிவுச் சான்று தொங்கியிருந்தால் அது நடந்திருக்காதா?

ரெண்டு_பிள்ளை_அப்பா:
சான்று தடுக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூச்சிமருந்தைச் சமையல் சாமான் இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது, பதிவு எடுக்கிற சின்ன வியாபாரிக்கான நிபந்தனையிலேயே இருக்கிறது. அதைப் படித்துக் கையெழுத்துப் போட வைத்தால் என்ன தப்பு? கும்பகோணத்தில் 2004-இல் 94 குழந்தைகள் போனபோதும் தீ சமையற்கூடத்திலிருந்துதான் கிளம்பியது. அலைய விட்டார்கள் என்கிறீர்களே, அந்தச் சான்றிதழ்கள் சும்மா வரவில்லை.

வீட்டுச்_சமையல்_அக்கா:
நான் வீட்டில் சமைத்து பிளே ஸ்கூல்களுக்குக் கொடுக்கிறவள். பதிவு இருக்கிறது. எடுத்த நாளிலிருந்து ஒருவரும் என் சமையலறையை எட்டிப் பார்த்ததில்லை, அதனால் கறுப்புக்கோட்டு சார் அளவுக்கு இதைப் பெரிதாக நம்ப மாட்டேன். ஆனால் பயிற்சி வகுப்பில் சோறு பற்றிச் சொன்னது உபயோகப்பட்டது. பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்து கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் பெருகி நஞ்சு கக்கும், அதில் வாந்தி உண்டாக்குகிற நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. பெரியவர்கள் ஒரு வாந்தியோடு எழுந்துவிடுவோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்பில் நீர் சீக்கிரம் வற்றிவிடும். 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லையென்றால் வடித்த உடனே பரிமாறு, அவ்வளவுதான்.

அதனால்தான் மல்லிகை, அடுப்பை அணைக்காதீர்கள் என்கிறேன். காலை எட்டு மணிக்குக் கட்டிய டிபன் பாக்ஸ் மே மாத வெயிலில் பன்னிரண்டரை வரை பைக்குள் கிடக்கும். அதைக் கேட்க எந்த விதியும் கிடையாது!

ரெண்டு_பிள்ளை_அப்பா:
அப்போது விதியே பிள்ளைகளை டிபன் பாக்ஸுக்குத் தள்ளுகிறது என்கிறீர்களா அக்கா? நான் இந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.

கறுப்புக்கோட்டு:
விதி தள்ளவில்லை, விதி பற்றிய பயம் தள்ளுகிறது. மேடம், புரோக்கரை விடுங்கள். உணவுப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பதிவுக்கு முக்கியமாக ஒரு போட்டோவும் அடையாள அட்டையும் போதும். இன்னொன்று: ஏழு நாளுக்குள் பதிவும் தராமல், மறுப்பும் சொல்லாமல், ஆய்வுக்கும் உத்தரவிடாமல் விட்டால் நீங்கள் தொழிலைத் தொடங்கலாம் என்று 2011 விதிமுறையே சொல்கிறது. இதை எந்தப் புரோக்கரும் சொல்ல மாட்டார்.

மல்லிகைத்தோட்டம்:
சரி, விண்ணப்பம் போடுகிறேன். அதற்காக நீங்கள் சொல்வதையெல்லாம் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை. சமைக்கிற ஆயாதான் எங்களிடம் பிள்ளைகளையும் தூங்க வைக்கிறவர். மருத்துவத் தகுதிச் சான்றுக்காக அவரை ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்தினால் அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? அதற்கும் ஒரு விதி இருந்தால் எடுத்துப் போடுங்கள், படிக்கிறேன்.