வலியேவா வழக்கு: 15 வயசுப் பிள்ளைக்கு 4 வருசத் தடை நியாயமா? நம்ம ஊர் ஸ்கேட்டிங் பிள்ளைகளுக்கும் இதே விதியா?

பாளை_நாலுசக்கரம் (கேள்வி)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, சாயங்காலம் ரோலர் ஸ்கேட்டிங் வகுப்பு முடியும்போது பெத்தவங்க கூடி நிக்கிற இடத்துல இப்போ இதே வாக்குவாதம்தான். ஐஸ் ஸ்கேட்டிங் ஆடுற ரஷ்யாக்காரப் பிள்ளை கமிலா வலியேவா, 15 வயசுல டிரைமெட்டாசிடின்ங்கிற தடைசெஞ்ச நெஞ்சுவலி மருந்துல மாட்டினதுக்குப் போட்ட தடை 2025 டிசம்பர் 25-ஓட முடிஞ்சுட்டு. அதுல இருந்து பழைய கதையைத் திரும்பக் கிளறுதாங்க. "தாத்தா மாத்திரை தெரியாம ஒட்டியிருக்கும், பச்சப்புள்ளையைப் போட்டு இந்தப் பாடு படுத்திட்டானுவ"ன்னு பாதிப்பேரு. "மாட்டிக்கிட்டா எல்லாரும் சொல்ற கததான் இது"ன்னு மீதிப்பேரு.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். மாட்டின பிறகும் அவளை எப்படி ஆட விட்டாங்க? யூரின்ல அந்த மருந்து 2.1 நானோகிராம்ங்கிறாங்களே, அது நெறையவா கொஞ்சமா? வயசைப் பார்த்து ஏன் குறைக்கல? மாநிலப் போட்டி, தேசியப் போட்டின்னு போற நம்ம பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தானா? விவரம் தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க, சண்டை வேண்டாம்.

---

டவுண்_வாய்தா

தேதியை வரிசையா வச்சுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் போயிரும்.

யூரின் எடுத்தது 2021 டிசம்பர் 25, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல நடந்த ரஷ்யத் தேசியப் போட்டியில. சோதிச்சது ஸ்டாக்ஹோம் ஆய்வகம். முடிவு வந்தது 2022 பிப்ரவரி 8. அதுக்கு முந்தின நாள், 7-ஆம் தேதி, பெய்ஜிங் ஒலிம்பிக்ல அணிப் போட்டி முடிஞ்சு ரஷ்ய அணி முதலிடம். ஒலிம்பிக்ல நாலு சுத்துத் தாவல் போட்ட முதல் பெண்ணும் அவதான், அதுவும் அதே 7-ஆம் தேதி. ஆறு வாரம் தாமதமான ஒரு தாளு வந்து அத்தனையையும் கவுத்துட்டு.

8-ஆம் தேதி ரஷ்ய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இடைக்காலத் தடை போட்டுது. மறுநாளே அவங்க ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதை எடுத்துட்டுது. ஒலிம்பிக் கமிட்டி, வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை), ஐ.எஸ்.யூ. (சர்வதேச ஐஸ் ஸ்கேட்டிங் சங்கம்) மூணு பேரும் மேல்முறையீடு. 14-ஆம் தேதி விளையாட்டு நடுவர் மன்றம் "ஆடட்டும்"னு சொல்லிட்டு. இங்கதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிடுதாங்க. அவ குற்றம் செய்யலன்னு அந்தத் தீர்ப்பு சொல்லவே இல்ல. 16 வயசுக்குக் கீழ உள்ளவங்க விதிப்படி 'பாதுகாக்கப்பட்ட நபர்'. அப்படிப்பட்டவங்களுக்குத் தண்டனையில சலுகை எழுதியிருக்காங்க, ஆனா இடைக்காலத் தடையில என்ன செய்யணும்னு விதிப்புத்தகம் வாயே திறக்கல. முடிவு தாமதமா வந்தது அவ தப்பும் கெடையாது. இப்போ தடுத்துட்டுப் பின்னால குற்றமில்லன்னு ஆனா, இழந்த ஒலிம்பிக்கை யார் திருப்பித் தர முடியும்? அந்தக் கணக்குலதான் ஆட விட்டாங்க.

அசல் தீர்ப்பு 2024 ஜனவரி 29-ல வந்தது. 2021 டிசம்பர் 25-ல இருந்து நாலு வருசம், அன்னையில இருந்து வாங்கின முடிவு அத்தனையும் ரத்து. வயசு ஏன் உதவலன்னா, சலுகைக்கு ஒரு வாசப்படி இருக்கு: "நான் வேணும்னு எடுக்கல"ன்னு முதல்ல நிரூபிக்கணும். டிரைமெட்டாசிடின், வாடா பட்டியல்ல கடுமையான பிரிவு. அந்தப் பிரிவுல நிரூபிக்கிற பாரம் ஆடுறவங்க தலையில. அந்தப் படியைத் தாண்டினாத்தான் வயசு, 'பெரிய கவனக்குறைவு இல்ல' எல்லாம் பேச முடியும், தண்டனையை வெறும் கண்டிப்புல இருந்து அதிகபட்சம் 2 வருசத் தடைக்குள்ள குறைக்க முடியும். அவ அந்தப் படியிலயே நின்னுட்டா.

அணிப் போட்டிப் பதக்கத்துல கனடாவுக்கு நடந்த கதையும் இதோட சேர்த்தி. வலியேவாவோட 20 புள்ளியைக் கழிச்சா ரஷ்யா 74-ல இருந்து 54. அமெரிக்கா 65, ஜப்பான் 63, கனடா 53. அவளுக்குப் பின்னால வந்தவங்களை ஒவ்வொரு படி மேல ஏத்தியிருந்தா கனடாவுக்கு ரெண்டு புள்ளி கூடி 55, வெண்கலம் அவங்களுக்கு. ஏத்தல. ஒத்தப் புள்ளியில போச்சு. அதையும் எதுத்து வழக்காடினாங்க, 2024 ஆகஸ்ட்ல அதுவும் தள்ளுபடி.

---

ஹைகிரவுண்ட்_மருந்துக்கடை

மருந்துப் பக்கத்தை நான் சொல்லுதேன்.

டிரைமெட்டாசிடின் நெஞ்சுவலி மாத்திரை. நம்ம கடைகள்ல ஃப்ளேவிடான் எம்.ஆர். பேருல வரும், 35 மில்லிகிராம், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசல்ல சீட்டோட நிக்கிற பெரியவங்கள்ல எத்தனையோ பேரு கையில இது இருக்கும். இதயத் தசை சாதாரணமா கொழுப்பை எரிச்சுச் சக்தி எடுக்கும், அதுக்கு ஆக்சிஜன் அதிகமா வேணும். இந்த மருந்து கொழுப்பு எரியிற வழியில ஒரு நொதியை அடைச்சு, குளுக்கோஸ் பக்கம் திருப்பி விடுது. அதே ஆக்சிஜனுக்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி. நாலு நிமிச ஆட்டத்துல கடைசித் தாவலுக்குக் காலு நிக்கணும்னு நினைக்கிற ஒருத்தனுக்கு இது ஆசை காட்டும். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு நெசமாவே பலன் உண்டான்னா, பெரிசா ஆதாரம் இல்ல. ஆனா பலன் இருக்கா இல்லையான்னு பார்த்துத் தண்டனை போட மாட்டாங்க, மருந்து இருந்தாப் போதும்.

2.1 நானோகிராம்/மில்லி, அளவைப் பார்த்தா ரொம்பக் கொஞ்சம். அன்னிக்கே முழு மாத்திரை போட்டவங்க யூரின்ல இதைவிடப் பல மடங்கு இருக்கும். இந்த இடத்துலதான் ரெண்டு கூட்டமும் வழுக்குது. தாத்தா மாத்திரைத் தூள் ஒட்டினாலும் இந்த அளவு வரலாம். சில நாள் முன்ன வரைக்கும் முழு மாத்திரை போட்டு நிறுத்தினாலும், இறங்கி இறங்கி இதே அளவுல வந்து நிக்கலாம். இரத்தத்துல ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகிற சரக்கு இது. ஆக அந்த எண் உங்களுக்கு எந்தக் கதையையும் சொல்லாது. இந்த மருந்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்ல'ங்கிற எல்லையும் கெடையாது.

அவங்க சொன்ன விளக்கம்: தாத்தா மாத்திரையை நுணுக்குன பலகையிலயே ஸ்ட்ராபெர்ரி இனிப்பும் செஞ்சாருன்னு. மாத்திரை ஒட்டுறது நடக்காத காரியம் இல்ல. நம்ம வீட்டுலயும் மாத்திரையை இஞ்சி தட்டுற கல்லுல வச்சுப் பொடிக்கிறவங்க உண்டு (எம்.ஆர். மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, அது மெல்லக் கரையணும்னு செஞ்சது). ஆனா 'நடக்கலாம்' வேற, 'நடந்துது' வேற. டென்னிஸ்காரி இகா ஸ்வியாடெக்கும் 2024-ல இதே டிரைமெட்டாசிடின்ல மாட்டினா. அவ என்ன செஞ்சா? தூக்கத்துக்குப் போட்ட மெலடோனின் மாத்திரையை ஆய்வுக்குக் கொடுத்தா, கலப்படம் அதுக்குள்ளயே இருந்துது. ஒரே மாசம் தடை. மாத்திரை கையில இருந்தது அவளைக் காப்பாத்துச்சு. அதனால பிள்ளை போட்ட எதுக்கும் அட்டையைத் தூரப் போடாதீங்க. பேட்ச் எண் உள்ள முனையை வெட்டாம கடைசி மாத்திரை வரைக்கும் வச்சிருங்க, பில்லோட.

---

வெள்ளன_ஓட்டம்

வாய்தா அண்ணாச்சி சட்டத்தைச் சரியாச் சொல்லிட்டீங்க. ஆனா மக்கள் கோவம் சட்டத்தோட நிக்கல, அதையும் பேசணும்.

பிப்ரவரி 17 ராத்திரி பெண்கள் தனிப்போட்டி ஆட்டத்தை மறக்க முடியுமா? ரெண்டு நாள் முன்ன குறும்போட்டியில முதலிடத்துல நின்னவ, நீள ஆட்டத்துல விழுந்து விழுந்து எந்திரிச்சு நாலாவதா வந்தா. வெளிய வந்ததும் பயிற்சியாளர் கேட்டது, ஏன் விட்டுட்டே, ஏன் போராடலன்னு. தங்கம் வாங்கின ஷெர்பகோவா பொம்மையைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா உட்கார்ந்திருக்கு. வெள்ளி வாங்கின ட்ருசோவா அழுது கத்துது. மூணும் ஒரே பயிற்சியாளர்கிட்ட படிச்ச பிள்ளைங்க. அப்போ ஒலிம்பிக் கமிட்டித் தலைவரா இருந்த தாமஸ் பாக்கே அந்தக் குளிர்ச்சியைப் பார்த்து மனசு நடுங்கிட்டுன்னு பேசினாரு. அமெரிக்க ஓட்டக்காரி ஷாகாரி ரிச்சர்ட்சன், எனக்கு மட்டும் ஏன் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வழி விடலன்னு கேட்டா. கேட்டதுல அர்த்தம் இருக்கு, ஆனா ரெண்டு வழக்கும் ஒண்ணு கெடையாது. அவ பெரியவ, கஞ்சா எடுத்ததை ஒத்துக்கிட்டு ஒரு மாசத் தடையை ஏத்துக்கிட்டா.

நடுவர் மன்றம் பின்னால வெளியிட்ட முழுத் தீர்ப்புல இன்னொரு விசயம் கெடக்கு. 13 வயசுல இருந்து 15 வயசுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு 56 வகை மருந்தும் சத்துச் சாமானும் கொடுத்திருக்காங்க. தடை செஞ்சது எத்தனைங்கிறதை விடுங்க. 13 வயசுப் பிள்ளைக்கு எதுக்குடே 56? விதிப்புத்தகம் இதுக்கும் வழி வச்சிருக்கு: பாதுகாக்கப்பட்ட நபர் மாட்டினா சுத்தி இருக்கிறவங்களைக் கட்டாயம் விசாரிக்கணும். இந்த மாதிரிக் கடும்பிரிவு மருந்தை அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொடுத்தது நிரூபணமானா, கொடுத்தவனுக்கு ஆயுள் தடை. ஆனா தீர்ப்புல தண்டனை வாங்கினது அவ ஒருத்திதான். "பச்சப்புள்ள, விட்டுருங்க"ன்னு கத்துனவங்க, "கொடுத்தவன் எவன்"னு அதே சத்தத்துல கத்தியிருக்கணும்.

ஒரே ஒரு நல்லது நடந்துது. 2022 ஜூன்ல ஐ.எஸ்.யூ. பெரியவங்க போட்டிக்கான வயசை 15-ல இருந்து 17 ஆக்குச்சு, படிப்படியா, 2024-25 பருவத்துல முழுசா.

---

மைதானத்து_மேசை

கடைசிக் கேள்விக்கு வரேன். ஆமா, அதே சட்டம்தான். ஐஸ்ல ஐ.எஸ்.யூ., ரோலர்ல வேர்ல்ட் ஸ்கேட், ரெண்டும் வாடா விதிக்குள்ள. இங்க சோதிக்கிறது நாடா (இந்தியாவோட தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை). 2023-ல இந்தியாவுல எடுத்த 5,606 சாம்பிள்ல 213-ல ஏதோ ஒண்ணு இருந்துது, 3.8 சதவீதம். அதனால நம்ம பிள்ளைகளைச் சோதிக்க மாட்டாங்கன்னு மெத்தனமா இருக்காதீங்க.

நம்ம பக்கத்துல மாட்டுற வழி ஊக்கமருந்து ஊசியைவிட அதிகமா சளி காய்ச்சல்தான். இருமல் டானிக்ல டெர்பியூட்டலின் இருக்கான்னு பாருங்க. 2019-ல கிரிக்கெட்காரர் பிரித்வி ஷாவுக்கு 8 மாசம் போனது அதுலதான். சால்பியூட்டமால் இன்ஹேலர்ல அளவோட இழுக்கலாம், 24 மணி நேரத்துல 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்துலயும் 600-ஐத் தாண்டாம. அதே மருந்து சிரப்பாவோ மாத்திரையாவோ உள்ள போனாத் தப்பு. 'சீக்கிரம் கேக்கணும்'னு போடுற டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் ஊசி போட்டிக் காலத்துல தடை. போட்டிக் காலம்ங்கிறது முந்தின ராத்திரி 11.59-க்கே தொடங்கிரும், விசில் ஊதும்போது இல்ல.

ரொம்பப் பேருக்குத் தெரியாதது குளுக்கோஸ் பாட்டில். காய்ச்சல்னு கிளினிக் போனா 500 மில்லி ஏத்தி அனுப்புவாங்க. 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல நரம்பு வழியா எது ஏறினாலும் அது தடைசெஞ்ச முறை, உள்ள போறது வெறும் உப்புத்தண்ணியா இருந்தாலும். ஆஸ்பத்திரிச் சிகிச்சை, ஆபரேஷன், நோய் கண்டறியும் பரிசோதனைன்னு ஏத்தினா விலக்கு உண்டு, ஆனா காகிதம் வேணும். சோர்வுக்குப் போட்ட பாட்டிலுக்குக் காகிதம் எங்க இருந்து வரும்? அப்புறம் கசகசா. போட்டிக்கு முந்தின நாள் கசகசாப் பாயாசம் டம்ளர் டம்ளரா வேண்டாம், யூரின்ல மார்ஃபின் எல்லையைத் தட்டலாம். குருமாவுல அரைச்சு விடுற அரைக் கரண்டிக்குப் பயப்பட வேண்டாம். ஜிம்முல கொடுக்கிற டப்பாப் பொடியில உணவுத்துறை முத்திரை இருந்தா அது உணவுன்னுதான் அர்த்தம், ஊக்கமருந்து இல்லன்னு அர்த்தம் இல்ல.

சந்தேகம் வந்தா நாடாவோட 'நோ யுவர் மெடிசின்' செயலியில மருந்தோட மூலப்பேரைப் போட்டுத் தேடுங்க. பிராண்டுப் பேரு ஒண்ணா இருந்து பின்னால எழுத்து மாறினா உள்ள சரக்கும் மாறும். நெசமாவே தேவையான மருந்துன்னா சிகிச்சை விலக்குக்குப் போட்டிக்கு 30 நாள் முன்ன விண்ணப்பம் போடணும்.

---

பாளை_நாலுசக்கரம்

ரொம்ப உபகாரம். ஒண்ணே ஒண்ணு: சாம்பிள் எடுக்கும்போது பிள்ளை பயந்து போனா என்ன செய்யது?

---

மைதானத்து_மேசை

18-க்குக் கீழ உள்ள பிள்ளைக்குக் கூட ஒரு பெரியவங்க போகலாம், போகணும். அம்மா இல்லன்னா கூட வந்த டீச்சர். அவங்க பாக்க வேண்டியது அதிகாரியை, பிள்ளையை இல்ல. பெண் பிள்ளைன்னா சாட்சியா நிக்கிறது பெண்தான்.

யூரின் பிடிக்கிற டப்பாவும் பாட்டில் பெட்டியும் பிள்ளையே தேர்ந்தெடுக்கணும். சீல் உடைஞ்சிருந்தா வேற கேக்கலாம். குறைஞ்சது 90 மில்லி வேணும். முதல்ல பி பாட்டில்ல 30, பிறகு ஏ பாட்டில்ல 60. ஊத்துறது, மூடி இறுக்குறது எல்லாம் பிள்ளை கையாலேயே. டப்பாவுல மிச்சம் இருக்கிற சொட்டுல அடர்த்தி பாப்பாங்க, 1.005-க்குக் குறைஞ்சா திரும்பவும் கொடுக்கணும். இங்கதான் நெறையப் பேரு வம்புல மாட்டுறது: சீக்கிரம் வரட்டும்னு ரெண்டு லிட்டர் தண்ணியைக் குடிக்க வைப்பாங்க, யூரின் வெறும் தண்ணியா வரும், ராத்திரி பத்து மணி வரைக்கும் அங்கயே உட்காரணும். சீல் உடையாத பாட்டில் தண்ணி, அரை மணிக்கு ஒரு டம்ளர் போதும். 90-க்குக் குறைவா வந்தா அதைத் தற்காலிகமா சீல் வச்சு, அடுத்து வர்றதோட சேர்த்துக்கிடுவாங்க. அதுவரைக்கும் பிள்ளை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. "நாளைக்கு வரோம்"னு கூட்டிட்டுக் கிளம்பினா அது மறுத்த கணக்கு.

படிவத்துல கடைசி 7 நாள்ல போட்ட மருந்து எழுத ஒரு கட்டம் இருக்கும். பாரசிட்டமால், வைட்டமின், சுக்கு மாத்திரை எதையும் விடாம எழுதச் சொல்லுங்க. பாட்டில் எண்ணும் படிவத்து எண்ணும் ஒண்ணுதானான்னு நீங்களே விரல் வச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. நகல் ஒண்ணு உங்களுக்கு உண்டு, வாங்காம வராதீங்க.