110 கொரொல்லா புகைப் பரிசோதனையில் ஃபெயில்: ஐட்லிங்கில் மட்டும் எச்சி (HC, ஹைட்ரோகார்பன்) கூட

கொட்டாஞ்சேனை110:

எல்லாருக்கும் வணக்கம். கார் 1996 ஏஈ110 கொரொல்லா, 5ஏ-எஃப்இ என்ஜின், மெனுவல் கியர். வருமான அனுமதிப்பத்திரம் அடுத்த மாதம் முடியுது. காப்புறுதி இருக்கு, புகைச் சான்றிதழ்தான் இழுக்குது. 2500 சுற்றில் பாஸ், ஐட்லிங்கில் (அக்சிலேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது) எச்சி கூடி ஃபெயில். பிறகு ஒரு கராஜில் நான்கு வாயு மெஷினில் போட்டுப் பார்த்த அளவுகள்:

ஐட்லிங் (750 சுற்று): சிஓ 0.6%, எச்சி 1480 பிபிஎம், சிஓ2 11.9%, ஓ2 (ஒட்சிசன்) 3.8%, லாம்டா (காற்று-பெற்றோல் கலவை அளவு, 1 எண்டால் சரி, கூடினால் மெலிவு) 1.11
2500: சிஓ 0.4%, எச்சி 190 பிபிஎம், சிஓ2 14.4%, ஓ2 0.9%, லாம்டா 1.02

ஐட்லிங்கில் லேசா நடுங்குது, ஓடும்போது ஒன்றும் தெரியல. செக் என்ஜின் லைட் எரியல. கராஜ் பாஸ் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் (புகையைச் சுத்தமாக்கிற பெட்டி), ஓ2 சென்சர், நாலு இன்ஜெக்டர் எல்லாம் மாற்றச் சொல்றார். பிளக் போன வருசம் போட்டது. எதில இருந்து தொடங்கிறது?

ஸ்பானர்_வெள்ளவத்தை:

தம்பி, ஒரு சாமானும் வாங்காதேங்கோ. நீங்கள் போட்ட அளவுகளிலேயே பாதி விடை இருக்கு.

எச்சி எண்டது எரியாமல் வெளியில வாற பெற்றோல். சிஓ எண்டது காற்றுப் போதாமல் அரைகுறையா எரிஞ்சது. உங்கட சிஓ 0.6 தான், அதால கலவை தடிப்பில்லை. ஓ2 சென்சர் கெட்டு பெற்றோலைக் கூட்டுதெண்டால் சிஓ இரண்டு, மூன்று வீதத்துக்குப் போயிருக்கும். கற்றலிற்றிக்கையும் இப்ப விடுங்கோ. 2500 இல எச்சி 190, சிஓ2 14.4 எண்டால் பெரிய குறை இல்லை. சைலன்சர் ஓட்டையால வெளிக்காற்று கலந்தாலும் ஓ2 கூடும்தான், ஆனால் அப்ப எச்சியும் ஐதாகிக் குறையவேணும், கூடாது.

எச்சி கூட, ஓ2 கூட, சிஓ குறைவு. இது மூன்றும் சேர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் இடைக்கிடை எரியாமல் விடுது எண்டு அர்த்தம். எது எண்டு பிடிக்கிறதுதான் வேலை.

என்ஜினை நல்லாச் சூடாக்கி, ஐட்லிங்கில விட்டு, இன்ஜெக்டர் சொக்கெட்டை ஒவ்வொன்றாக் கழற்றிப் பாருங்கோ. நல்ல சிலிண்டர் எண்டால் சுற்று விழுந்து என்ஜின் குலுங்கும். கழற்றியும் வித்தியாசம் தெரியாத சிலிண்டர்தான் ஆள். சில பாஸ்மார் பிளக் வயரை இழுத்துப் பார்ப்பினம், அதுக்கு விடாதேங்கோ. எரியாத பெற்றோல் முழுக்கக் கற்றலிற்றிக்குக்குள்ள போய் எரிஞ்சு, நல்லா இருக்கிறதையும் உருக்கிப் போடும். பொறியை இயக்கிற இக்னைட்டருக்கும் கூடாது.

ஆளைப் பிடிச்சாப் பிறகு அந்தப் பிளக்கையும் வயரையும் பக்கத்துச் சிலிண்டரோட மாற்றிப் போடுங்கோ. குறையும் கூடவே நகர்ந்தால் பிளக் அல்லது வயர். வயரின் தடை ஒவ்வொன்றும் 25 கிலோ ஓமுக்குக் கீழ இருக்கவேணும். பிளக் குழிக்குள்ள ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ, ரொக்கர் கவர் (என்ஜின் மேல் மூடி) கஸ்கட் பழசானால் அங்க ஒயில் தேங்கி, பொறி பிளக் நுனிக்குப் போகாமல் பக்கத்தால பாயும். 110 களில இது சர்வசாதாரணம். கஸ்கட்டோட நாலு பிளக் குழி சீலும் சேர்த்து மாற்றவேணும், கஸ்கட்டை மட்டும் மாற்றினால் குழிக்குள்ள திரும்ப ஒயில் வரும்.

குறை நகராமல் அங்கயே நிண்டால் கொம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) அடிச்சுப் பார்க்கவேணும். நாலு பிளக்கையும் கழற்றி, டிஸ்ரிபியூட்டர் சொக்கெட்டையும் இன்ஜெக்டர் சொக்கெட்டுகளையும் எடுத்துவிட்டு, அக்சிலேட்டரை முழுக்க மிதிச்சபடி ஸ்டார்ட்டர் அடியுங்கோ. 142 பிஎஸ்ஐக்குக் கீழ போகக்கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் 14 க்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒன்றில மட்டும் குறைவெண்டால் எக்ஸோஸ்ட் வால்வில சந்தேகப்படலாம். வால்வு லேசா ஒழுகினால் ஐட்லிங்கில காட்டும், சுற்றுக் கூடினால் மறைஞ்சுபோகும், உங்கட அளவுகளைப் போலவே.

மாளிகாவத்தை_ஈஎஃப்ஐ:

ஸ்பானர் அண்ணா சொன்ன வரிசை சரி. ஒரு விசயம் சேர்க்கிறேன், இல்லாட்டி யாராவது வந்து "வெக்யூம் லீக், ஹோஸ் எல்லாம் மாத்துங்க" என்று சொல்லிடுவாங்க.

5ஏ-எஃப்இ இல ஏர்ஃப்ளோ மீற்றர் இல்ல, மெனிஃபோல்ட் (காற்று உள்ள போகிற குழாய்) அழுத்தத்தைப் பார்த்துத்தான் பெற்றோல் அளக்குது. பொதுவான இடத்தில ஹோஸ் கழன்று காற்றுப் போனா அழுத்தம் கூடும், கணினியும் பெற்றோலைக் கூட்டிக் குடுக்கும். அதனால கலவை மெலியாது, ஐட்லிங் சுற்றுத்தான் ஏறும். உங்க கார் 750 இல நிற்குது. ஆனா ஒரு சிலிண்டரின் வாசலுக்குக் கிட்ட காற்றுப் புகுந்தா கதை வேற: அந்தச் சிலிண்டர் மட்டும் மெலிந்து எரியாம விடும், மற்ற மூன்றும் சரியா ஓடும். இன்ஜெக்டருக்குக் கீழ இருக்கிற ரப்பர் சீல்தான் வழக்கமான இடம். இத்தனை வருச வெப்பத்தில அது பிளாஸ்டிக் மாதிரி இறுகிடும். 2500 இல உள்ள போகிற காற்றோட பார்க்கும்போது அந்தக் கசிவு ஒன்றுமே இல்ல, அதனாலதான் அங்க பாஸ்.

கார்ப் கிளீனரை ஒவ்வொரு இன்ஜெக்டர் அடியிலயும் ஒரு சின்ன விசிறல் அடித்துப் பாருங்க. சுற்று மாறினா அதுதான் இடம். எக்ஸோஸ்ட் பக்கம் படக்கூடாது, தீயணைப்பான் பக்கத்தில இருக்கட்டும்.

செக் என்ஜின் லைட் எரியாதது நல்லது, ஆனா பல்ப் இருக்கான்னு பாருங்க. சாவியை ஒன் பண்ணும்போது எரியணும். பல்பைக் கழற்றி விற்ற கார்கள் நிறைய. பொனட்டுக்குள்ள டயக்னோசிஸ் பெட்டியில டீஈ1, ஈ1 இரண்டையும் வயரால இணைத்து, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஒன் பண்ணினா லைட் கண் சிமிட்டும். ஒரே சீரா சிமிட்டினா குறை பதிவில்ல. 21 (இரண்டு சிமிட்டல், பிறகு ஒன்று) வந்தா ஓ2 சென்சர், 22 வெப்ப சென்சர், 31 மெனிஃபோல்ட் அழுத்த சென்சர். அதே இணைப்போட என்ஜினை ஓட விட்டு டைமிங் லைட் பிடித்தா 10 டிகிரி காட்டணும். டிஸ்ரிபியூட்டரை யாராவது "பவர் வரும்" என்று முன்னுக்குத் தள்ளியிருந்தா எச்சி அதிலயும் கூடும்.

மாருதி_800_தெஹிவளை:

கார்பரேட்டர் மாருதிக்கும் இதே கணக்கா? எனக்கு சிஓ கூட.

ஸ்பானர்_வெள்ளவத்தை:

சிஓ கூட எண்டால் மற்றப் பக்கம் பார்க்கவேணும். முதல் எயார் ஃபில்டர், பிறகு சோக் முழுக்கத் திறக்குதா, பிறகு ஃப்ளோட் மட்டம். இதெல்லாம் சரியெண்டால்தான் மிக்ஸர் ஸ்குரூவைத் தொடவேணும். மெஷின் குழாய் சைலன்சருக்குள்ள இருக்க, கால் சுற்று கால் சுற்றா உள்ளுக்குத் திருகி, ஒவ்வொரு முறையும் அரை நிமிசம் பொறுங்கோ. சிஓ இறங்க இறங்க எச்சியும் இறங்கும், ஒரு கட்டத்தில எச்சி திரும்ப ஏறத் தொடங்கும். அதில இருந்து கொஞ்சம் பின்னுக்கு எடுத்து நிறுத்துங்கோ. "பாஸ் ஆகட்டும்" எண்டு முழுக்க இறுக்கிறவையள் எச்சியில ஃபெயில் ஆகினம்.

இன்னொன்று. தெர்மோஸ்டாட் இருக்கா? "கொழும்பு வெக்கைக்கு அது தேவையில்லை" எண்டு கழற்றி எறியிறது இங்க ஒரு வியாதி. இன்ஜெக்சன் காரில அது இல்லாட்டி என்ஜின் குளிராவே ஓடும், கணினியும் இன்னும் சூடாகேல்லை எண்டு பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். 110 க்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட், விலையும் பெரிசில்லை.

டீசல்_வேன்:

டீசல்காரர்களுக்கு ஒரு வரி. நமக்கு ஐட்லிங் அளவு இல்லை, அக்சிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்துத்தான் புகையின் அடர்த்தி பார்ப்பார்கள். போவதற்கு முன் டைமிங் பெல்ட் எப்போது போட்டது என்று பாருங்கள். தேதி தெரியாத பெல்ட்டோடு போய் அந்தச் சுற்றுக்கு ஏற்றினால் அங்கேயே அறுந்து வால்வு வளையலாம்.

கொட்டாஞ்சேனை110:

அண்ணாமாருக்கு நன்றி. 3 ஆம் சிலிண்டர் சொக்கெட்டைக் கழற்றினா வித்தியாசமே இல்ல. பிளக், வயர் மாற்றிப் போட்டும் 3 இலயே நிற்குது. கொம்ப்ரஷன் 170, 174, 168, 172. கார்ப் கிளீனர் அடிச்சதும் 3 இல நடுக்கம் நின்று சுற்று ஏறுச்சு.

மாளிகாவத்தை_ஈஎஃப்ஐ:

அப்போ சீல்தான். ஒன்றை மட்டும் மாற்றாதீங்க, நாலுக்கும் மேல் ஓ ரிங், கீழ் சீல் இரண்டும் வாங்குங்க. பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில பழைய சீலைக் கையில கொண்டுபோய் வைத்து அளவு பாருங்க, நகத்தால அமுக்கினா உடனே திரும்பி வாற ரப்பரா எடுங்க. கழற்றும்போது முதல்ல பியூவல் பம்ப் சொக்கெட்டைக் கழற்றி என்ஜின் தானா நிற்கும் வரை ஓடவிடுங்க, இல்லாட்டி ரெயிலில (இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் வாற குழாய்) அழுத்தத்தோட பெற்றோல் பீச்சும். பூட்டும்போது ஓ ரிங்கில பெற்றோல் தடவுங்க, கிறீஸ் வேண்டாம். பூட்டினதும் இன்ஜெக்டரைக் கையால சுழற்றிப் பாருங்க. சுழலாட்டி ஓ ரிங் மடிஞ்சு கிடக்குது, திரும்பக் கழற்றணும். வெளியில இருக்கிற நேரத்திலயே நாலையும் அல்ட்ராசோனிக் கிளீனிங்குக்குக் குடுங்க, புதுசு வாங்கிற செலவில்ல.

ஒயில் பழசா இருந்தா பரிசோதனைக்கு முன்னமே மாற்றிடுங்க. அதில கலந்த பெற்றோல் ஆவியாகி பிசிவி வால்வு வழியா திரும்ப என்ஜினுக்குள்ளதான் போகும். அன்றைக்கு 20 நிமிசமாவது நல்ல ஓட்டத்தில ஓடிட்டுப் போங்க. வரிசையில நிறுத்தி வைத்தா கற்றலிற்றிக் ஆறிடும், உங்க முறை வாறதுக்குக் கொஞ்சம் முன்ன 2500 இல இரண்டு நிமிசம் பிடிங்க. ஏசி, லைட், ஃபேன் எல்லாம் ஓஃப். 95 ஒக்டேன் அடிக்கத் தேவையில்ல, இந்த என்ஜினுக்கு 92 போதும்.