மூன்றரை வயது மகன் நாள்தோறும் பொம்மையைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கிறான்: இதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி: ஒரு தாய், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் என் மகனுக்குத் தங்கை பிறந்தாள். அன்று முதல் அவன், கொலுப் பெட்டியிலிருந்த ஒரு மரப்பாச்சியைத் தன் பாப்பா என்று வைத்துக்கொண்டு, காலை நீட்டி அமர்ந்து அதைக் குளிப்பாட்டுகிறான். சாம்பிராணி காட்டுவதாகக் கையைச் சுழற்றுகிறான். என் துப்பட்டாவில் ஏணை கட்டச் சொல்லி ஆட்டுகிறான். ஆண் பிள்ளைக்கு இது எதற்கு, அந்த நேரத்தில் 'அ', 'ஆ' எழுதப் பழக்கலாமே என்கிறார் என் மாமனார். பேரன் மேலுள்ள அக்கறையால் சொல்கிறார் என்பதால் வெறுமனே மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. இந்த விளையாட்டின் பயனை அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர், கடலூர் மாவட்டம்

அம்மா, வெறும் டம்ளரைத் தன் வாயில் வைத்துக் குடிப்பதுபோல் காட்டுவது ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள் வந்துவிடும். பிறகு அதே டம்ளர் பொம்மையின் வாய்க்குப் போகும். இரண்டு, இரண்டரை வயதுக்கு மேல், பொம்மைக்குப் பசிக்கிறது, அதற்கு மருந்து பிடிக்கவில்லை என்று பொம்மைக்கே ஒரு மனம் வந்துவிடுகிறது.

உங்கள் மகன் பேசுவதைச் சற்றுத் தள்ளியிருந்து கேளுங்கள். "இதுதான் பாப்பாவாம், நீங்க டாக்டராம், இப்போ ராத்திரியாம்" என்று சொல்கிறானா? அந்த 'ஆம்' ஒன்றை வைத்தே, எது உண்மை, எது நாமாக வைத்துக்கொண்டது என்று பிள்ளைகள் பிரித்துவிடுகிறார்கள். கையிலிருப்பது மரக்கட்டை என்பது அவனுக்குத் தெரியும். அது இப்போது பாப்பாவுக்காக நிற்கிறது என்பதும் தெரியும். 'அ' என்ற கோடு ஓர் ஒலிக்காக நிற்கிறது என்று நாளை புரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்கு இதே பிடிமானம்தான் தேவை. இப்படி ஒன்றை இன்னொன்றாக வைத்துக்கொள்ளும் பாவனை விளையாட்டை, எழுத்துக் கற்றலுக்கு முந்தைய படிகளில் ஒன்றாக வைத்துப் பேசியவர் ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. உங்கள் மாமனாரிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நீங்களும் விளையாட்டில் சேரலாம், ஆனால் நடத்த வேண்டாம். "பாப்பா ஏன் அழுகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தங்கை வந்ததில் அவனுக்குள் இருக்கும் வருத்தமோ பொறாமையோ அந்தப் பதிலில் வெளிவரக்கூடும். அப்போது திருத்தாமல் கேட்டுக்கொண்டால் போதும்.

பதில் 2: உளவியல் முதுகலை மாணவி, புதுச்சேரி

2020இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நான்கு முதல் எட்டு வயதுவரையுள்ள 33 குழந்தைகள் விளையாடும்போது அவர்களின் மூளைச் செயல்பாட்டைப் பதிவு செய்தார்கள். பிறரைப் புரிந்துகொள்வதோடு தொடர்புடைய பகுதி, குழந்தை பொம்மையோடு தனியாக விளையாடும்போதும் இயங்கியது. தனியாக டேப்லெட்டில் விளையாடும்போது அந்த அளவுக்கு இயங்கவில்லை. ஆனால் இதற்கு நிதி தந்தது பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மாட்டெல் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2013இல் அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் உடன் ஆய்வாளர்களும், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாவனை விளையாட்டுதான் வளர்ச்சிக்குக் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று எழுதினார்கள். மொழி, கதைசொல்லல் போன்றவற்றுக்கு அது உதவக்கூடும் என்ற வாய்ப்பை அவர்கள் மறுக்கவில்லை. ஆகவே, பொம்மை விளையாட்டு நல்ல பயிற்சிக்களம் என்று மாமனாரிடம் சொல்லுங்கள். அறிவை வளர்க்கும் மருந்து என்று சொல்லாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மறைக்கிறது. திரும்பி வரும் முதல் பொம்மை எங்கே தேடும்? 1985இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இரண்டு பொம்மைகளை வைத்துக் கேட்ட கேள்வி இது. மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகள் "பெட்டியில்" என்பார்கள். தனக்குத் தெரிந்தது பொம்மைக்குத் தெரியாது என்பது நான்கு வயதையொட்டித்தான் பிடிபடும். உங்கள் மகன் தவறாகச் சொன்னால் கவலைப்படாதீர்கள்.

பதில் 3: பொம்மை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர், பண்ருட்டி

எங்கள் தொழிலுக்கு எதிராகவே ஒன்றைச் சொல்கிறேன்: வண்ணம் பூசிய கொலு பொம்மைகள் பார்வைக்கு உரியவை, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். சாயமோ வார்னிஷோ பூசாத மரப்பாச்சியும், பழைய புடவைத் துணியில் தைத்த பொம்மையும் போதும். கடையில் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் பெண்கள் கடற்கரை மணலில் வண்டல் பாவை செய்து விளையாடுகிறார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு உங்கள் மகனை அழைத்துப் போனால் அவனும் செய்வான். ஆண் பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்கு ஒரே பதில்: நாளை அவனும் ஒரு குழந்தையைத் தூக்கத்தானே போகிறான்?

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பதில்களை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் மகன் மரப்பாச்சியை அவர் மடியில் வைத்து, "தாத்தா, நீங்க நர்ஸாம். பாப்பாவுக்கு ஊசியாம்" என்றான். அவர் விரலை நீட்டினார். "மெதுவா தாத்தா, அதுக்கு வலிக்குமாம்" என்று சொல்லி அதன் காலைத் தேய்த்துவிட்டான். போன வாரம் தடுப்பூசி போட்டபின் தங்கையின் காலை நான் அப்படித்தான் தேய்த்தேன்.