ஏஐ குரல்ல வர்ற பாட்டுக்கு அடியில பாடினது யாரு?

நள்ளிரவு_எஃப்எம்:
'திமிறி எழுடா' பாட்ட நேத்து மறுபடி கேட்டேன். 2024ல லால் சலாம் படத்துக்கு ரஹ்மான் போட்டது, பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏஐ வெச்சு கொண்டு வந்தாங்களே அது. சாகுல் ஹமீது தொண்ணூறுகள்லயே இறந்துட்டாரு, பாக்யா 2022ல. குடும்பத்துகிட்ட அனுமதி வாங்கி பணமும் குடுத்தோம்னு ரஹ்மான் சொல்லிட்டாரு, சரி, அந்த சண்டைக்கு நான் வரல. என் கேள்வி பொதுவா இந்த மாதிரி பாட்டு எல்லாத்துக்கும். யாராச்சும் ஒரு ஆளு அடியில பாடுனாத்தானே அது மேல இந்த குரல ஏத்த முடியும்? அந்த ஆளப்பத்தி நாம பேசுறதே இல்லயே?

மிக்ஸிங்_ராஜா:
கரெக்ட் ப்ரோ. பழைய பாட்டுலருந்து பாடகர் குரல மட்டும் பிரிச்சு எடுத்து ஏஐ மாடலுக்கு பழக்குவோம், அப்புறம் வேற ஒருத்தர் எக்கோ எதுவும் இல்லாம பாடி குடுக்குறத அதுல விட்டா குரல் மாறி வரும். மாறுறது குரலோட நிறம் மட்டுந்தான். எங்க மூச்சு வாங்குறது, எந்த எழுத்த அழுத்துறது, கமகம்னு சுரத்த அசைச்சு பாடுறது, தாளத்துக்கு ஒரு இழை பின்னாடி நின்னு பாடுறது, இதெல்லாம் அடியில பாடினவரோடது. அவரு சொதப்புனா ஏஐயும் சொதப்பும். பழைய ரெக்கார்டிங்ல வயலினும் எக்கோவும் குரலோட ஒட்டிக்கிட்டே வரும், 'ஸ' வர்ற இடத்துலல்லாம் தகரத்த சொரண்டுன மாதிரி கேக்கும், அத சரி பண்றதுக்கே தாவு தீந்துடும்.

சரணம்2:
நான் ட்ராக் பாடுறவ. பெரிய பாடகர் வர்றதுக்கு முன்னாடி நாங்க பாடி வெப்போம், அவங்க அத கேட்டு பாடுனதும் எங்களோடத தூக்கிருவாங்க, அது தெரிஞ்சுதான் போறோம், அதுல வருத்தம் இல்ல. இது அப்படி இல்லயே. போன வருஷம் ஒரு ஆல்பத்துக்கு சும்மா ரெஃபரன்ஸ்தாம்மான்னு கூப்ட்டாங்க, வழக்கமான ட்ராக் காசுதான். பாட்டு வெளிய வந்தப்போ கேக்குறேன், ரெண்டாவது சரணத்துல 'மழை'ங்கற எடத்துல நானா வேகமா உருட்டிப் போட்ட ஒரு குட்டி பிருகா, அப்படியே இருக்கு, குரல் மட்டும் வேற யாரோடதோ. பேரு கிடையாது. நன்றின்னு கூட ஒரு வரி இல்ல.

பேருந்து_பாட்டு:
கொஞ்சம் ஓவரா போறீங்களோன்னு தோணுது. கோரஸ் பாடுறவங்க, வயலின் வாசிக்கிறவங்க பேரு மட்டும் நமக்கு தெரியுமா என்ன? கோட் படத்துல 'சின்ன சின்ன கண்கள்' வந்தப்போ பவதாரிணி போயி அஞ்சு மாசம்கூட ஆகல, அக்கா குரல தம்பி யுவனே கொண்டு வந்தாரு, கேட்டு அழுதுட்டேன். அந்த நேரத்துல அடியில யாரு பாடுனாங்கன்னா யோசிப்பாங்க? கேக்குறவனுக்கு குரல்தான் சார் முக்கியம்.

மிக்ஸிங்_ராஜா:
நீங்க அழுதீங்கல்ல, அதுல பாதி அந்த அடியில பாடினவங்க பண்ணது.

கறுப்பு_கோட்டு:
வக்கீல்ங்கற முறையில ஒண்ணு சொல்றேன், இது என் கருத்து மட்டுந்தான். உயிரோட இருக்குறவங்களுக்கு ஓரளவு வழி இருக்கு, அரிஜித் சிங் குரல ஏஐ கம்பெனிங்க எடுக்கக் கூடாதுன்னு 2024 ஜூலைல பாம்பே ஹைகோர்ட் தடை போட்டுச்சு. இறந்தவங்க கதை சிக்கல். ஜெயலலிதா வாழ்க்கைய படமா எடுத்தது சம்பந்தமா அவங்க அண்ணன் மக தீபா போட்ட கேஸ்ல, ஒருத்தரோட பிரைவசி, பேரு எல்லாம் அவரோடயே முடிஞ்சுடுது, வாரிசுக்கு சொத்து மாதிரி வராதுன்னு 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிருச்சு. எஸ்பிபி குரல தெலுங்கு படத்துல ஏஐ வெச்சு கொண்டு வந்தாங்கன்னு அவர் மகன் சரண் நோட்டீஸ் விட்டாரே, அந்த மாதிரி கேஸ் ஒண்ணு கடைசி வரைக்கும் நடந்தாத்தான் குரலுக்கு என்னன்னு தெளிவாகும். ஆனா பாருங்க, காப்பிரைட் சட்டத்துல பெர்ஃபார்மர் உரிமைன்னு ஒண்ணு இருக்கு, அது மைக் முன்னாடி நின்னு பாடுன ஆளுக்கு, 50 வருஷம் இருக்கும், 2012 திருத்தத்துல ராயல்டியும் வந்துச்சு. அப்படி பாத்தா செத்துப்போன பாடகர் குடும்பத்த விட சரணம்2 மேடத்துக்குத்தான் அந்த பாட்டுல பிடி ஜாஸ்தி. என்னன்னு எழுதிக் கையெழுத்து போட்டீங்க?

சரணம்2:
கையெழுத்தா? ஜிபேல காசு விட்டாங்க சார். 'ட்ராக் மட்டும், நாளைக்கு பத்து மணிக்கு வந்துடுங்க'ன்னு ஒரு வாட்ஸப் மெசேஜ், அவ்ளோதான்.

கறுப்பு_கோட்டு:
அந்த மெசேஜ அழிச்சுடாதீங்க. பாடுன ஃபைல் உங்க போன்ல எங்கயாச்சும் கிடக்குதான்னும் பாருங்க.